புள்ளி வைத்த ஏடு

எங்கள் ஊர்க் கோழி தமிழ்நாட்டில் மேய்ந்துவிட்டுக் கேரளத்தில் போய் முட்டையிடும். பனச்சமூடு அப்படிப்பட்ட இடம். எல்லை எங்கே ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பஸ்ஸின் நிறத்தையும் கடைப் பலகையின் எழுத்தையும் வைத்துத்தான் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று கண்டுகொள்ள வேண்டும். ஒரு பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. மறுபக்கம் விளவங்கோடு தாலுகா. பெயரைக் கேட்டு பனைமரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது பனச்ச மரம். மூடு என்றால் மரத்தின் அடி. ஆனாலும் நான் சொல்ல வந்தது பனையோலை சமாச்சாரம்தான்.

பாட்டா வீட்டில் ஒரு சுவடிக்கட்டு இருந்தது. சிவப்புத் துணியில் சுற்றி, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அகிலத்திரட்டு அம்மானையின் பிற்பகுதி. மொத்தம் 84 ஏடுகள். வருஷத்துக்கொரு முறை, கார்த்திகையில், பாட்டா குளித்து, தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்டு அதைக் கீழே இறக்குவார். தாங்கலில் அச்சுப் புத்தகம் வைத்துப் பாடுவார்கள். பாட்டாவுக்கு ஏடுதான் வேண்டும். அச்சில் உள்ளது மை, ஏட்டில் உள்ளது கீறல் என்பார். கீறினது அழியாதாம்.

அகிலம் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென் திருவிதாங்கூரில், இன்றைய சாமித்தோப்பில், 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வாழ்ந்தவர் அய்யா வைகுண்டர். கொல்லம் 1008 மாசி 20ஆம் நாள், அதாவது 1833 மார்ச் முதல் வாரத்துக்குள், திருச்செந்தூர்க் கடலில் இறங்கி நாராயணரின் அவதாரமாக எழுந்து வந்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பனையேறிகளுக்கும் ஊழியக்காரர்களுக்கும் தலைப்பாகை கட்டச் சொன்னவர் அவர். திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்து திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. சீடர்களில் ஒருவரான அரிகோபாலன் சீடர், இரவில் தன்னைத் தட்டியெழுப்பி இறைவன் சொல்லச் சொல்ல எழுதியதாகச் சொல்லப்படுவதே அகிலத்திரட்டு. 15,000 வரிகளுக்கு மேல். திருமால் லட்சுமிக்குக் கதை சொல்வது போன்ற அமைப்பு. யுகம் யுகமாக வந்த தீமை, பனைக்கு வரி, கூலியில்லா ஊழியம், கலிநீசன், வெண்நீசன் எல்லாம் அதில் உண்டு. கலிநீசன் திருவிதாங்கூர் ராஜா என்றும், வெண்நீசன் வெள்ளைக்காரன் என்றும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நூறு வருஷத்துக்குப் பக்கமாக அது ஓலையிலேயே கிடந்தது. ஒருவர் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டார்கள். அச்சில் வந்தது 1939ல். இந்த இடைவெளியில்தான் எல்லா வழக்கும் முளைக்கிறது. ஏட்டுக்கு ஏடு சில வரிகள் கூடும், சில குறையும். அச்சுப் பதிப்புகளும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. எது அய்யா சொன்னது, எது எழுதியவன் கை சேர்த்தது?

என் அப்பா வழி அய்யா வழி. அம்மா வழி சி.எஸ்.ஐ. லண்டன் மிஷன் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்த குடும்பம். இப்படிப்பட்ட கல்யாணங்கள் எங்கள் பக்கத்தில் புதிதல்ல, சண்டையும் புதிதல்ல. அம்மாவின் தம்பி, என் மாமா, பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். கோயிலுக்குப் போவதையும் இருபது வயதில் நிறுத்தியவர், ஆகவே இரண்டு வீட்டுக்கும் பொதுவான எதிரி. பெரியப்பாவைக் கண்டால் அவருக்கு நாக்கு அரிக்கும். பெரியப்பாவுக்கும் அப்படித்தான். ஒருவரையொருவர் இரண்டு நாள் பார்க்காவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது.

"அத்தான், உங்க ஆட்கள் போடுற தேதியே தப்பு" என்று ஒருநாள் மாமா ஆரம்பித்தார். அகிலம் எழுதத் தொடங்கிய நாள் கொல்லம் 1016 கார்த்திகை 27. அதோடு 825ஐக் கூட்டி 1841 டிசம்பர் என்று புத்தகங்களில் போடுகிறார்கள். கொல்லம் வருஷம் ஆவணியில் பிறப்பது. ஆவணியிலிருந்து மார்கழி நடுவரைக்கும் 824தான் கூட்ட வேண்டும். அப்படியானால் அது 1840 டிசம்பர். மாமாவின் கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன்.

பெரியப்பா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார்: "கணக்கு தப்புன்னா கணக்கப்பிள்ளை தப்பு, மாப்ளே. ஏட்டிலே 1016தானே இருக்கு?"

இதற்கு மாமாவிடம் பதிலில்லை. இன்றுவரை இல்லை.

எங்கள் வீட்டு வழக்கு இந்தப் பொது வழக்கு அல்ல. அது 84ஆவது ஏடு. அதில் பன்னிரண்டு வரிகள். எந்த அச்சுப் பதிப்பிலும் நான் அவற்றைப் பார்த்ததில்லை. ஒரு சாலையின் இரு ஓரமும் இரு தேசமாகும், கூடப்பிறந்தவள் வீட்டு விளக்கு அயல்தேசத்து விளக்காகும், ஒரே கிணற்றில் கோருகிறவர்களுக்கு இரண்டு அதிகாரி வருவார்கள், பிறகு தர்மயுகத்தில் வேலி தானே உதிரும் என்ற பொருளில் போகும். பாட்டா இந்த இடத்துக்கு வரும்போது குரல் இறங்கும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஏனென்றால் 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. சேர வேண்டும் என்று போராடியவர்கள் மேல் 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. பாட்டாவின் ஒரே தங்கையைக் கட்டிக்கொடுத்த வீடு சாலைக்கு அந்தப் பக்கம். நூறு வருஷத்துக்கு முன்பே அய்யா இதைச் சொல்லிவிட்டார் என்பதற்கு எங்கள் ஏடே சாட்சி என்று ஊரில் பேர்.

"1956க்கு முன்னாலே இந்த ஏட்டை யாராவது பார்த்தியளா?" என்று கேட்பார் மாமா. அவ்வளவுதான். பாட்டா உயிரோடிருந்தவரை அவர் முகத்துக்கு நேரே இதைக் கேட்டதில்லை. அந்த மரியாதை இருந்தது.

மாமாவின் கைக்குப் புதிய ஆயுதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அவர் மகன் அங்கே யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். மார்மன் சபைக்காரர்களின் தலைநகரம். வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டையும் டையுமாக வந்த இரண்டு பையன்கள் கொடுத்த புத்தகத்தை அப்பாவுக்கு அனுப்பினான். மாமா அதைப் படித்தாரோ இல்லையோ, அதைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்துவிட்டார்.

ஜோசப் ஸ்மித் என்ற விவசாயியின் மகன். நியூயார்க் மாநிலத்துக் கிராமம் ஒன்றின் பக்கத்துக் குன்றிலிருந்து, தேவதூதன் காட்டிக் கொடுத்த தங்கத் தகடுகளை எடுத்ததாகச் சொன்னான். தகட்டில் இருந்ததை அவன் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். 1830ல் மார்மன் புத்தகம் அச்சானது. தகடுகளைக் கண்டதாகப் பதினொரு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தகடுகள் தேவதூதனிடமே திரும்பிப் போய்விட்டன. 1844ல் சிறையில் இருந்த ஸ்மித்தை ஒரு கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது.

"பாருங்க, 1830. இங்கே 1840. அங்கேயும் ஏழைப் பையன், இங்கேயும் ஏழைப் பையன். அங்கேயும் ஒருத்தன் சொல்ல ஒருத்தன் எழுதினான். அங்கேயும் ஜெயில். அமெரிக்காவிலே ஒரு அகிலம், அத்தான்!"

"அப்போ அய்யா அங்கேயும் போயிருக்காரு" என்றார் பெரியப்பா.

சிரித்தோம். ஆனால் மாமா விடவில்லை. ஸ்மித் 1835ல் எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்கள் சிலவற்றை வாங்கி, அவை ஆபிரகாமின் எழுத்து என்று சொல்லி மொழிபெயர்ப்பு வெளியிட்டார். சுருள்கள் எரிந்துபோனதாகவே நெடுநாள் நினைத்தார்கள். 1966ல் அவற்றின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் அகப்பட்டன. எகிப்திய எழுத்து படித்தவர்கள் பார்த்தார்கள். செத்தவர்களோடு புதைக்கும் சடங்கு ஏடு. ஆபிரகாம் பேரே இல்லை. 2014ல் அந்தச் சபையே இதை ஒப்புக்கொண்டு எழுதியது. ஆனாலும் சபை கலையவில்லை. சுருள் ஒரு தூண்டுகோல், அருள் வேறு வழியில் வந்தது என்று சிலர்; நம்மிடம் உள்ளது மிச்சத் துண்டுதானே, உண்மையான சுருள் தொலைந்திருக்கும் என்று சிலர். பெரியப்பாவின் கணக்கப்பிள்ளை வாதம் உலகம் முழுக்க ஓடுகிறது.

மாமாவின் ஒப்பீட்டில் எனக்குப் பாதிதான் சம்மதம். தகட்டை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. ஓலையைப் பார்க்கலாம், எண்ணலாம், முகரலாம். மார்மன் புத்தகம் பழங்கால அமெரிக்காவின் சரித்திரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. ஆகவே அங்கே அக்காலத்தில் குதிரை இருந்ததா, எஃகு இருந்ததா என்று கேட்பது நியாயம். அகிலம் தான் பிறந்த காலத்தையே பேசுகிறது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992ல் வைகுண்டசாமி வழிபாடு பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் அது நடந்ததா இது பலித்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ராஜாவையும் வெள்ளைக்காரனையும் மிதிபட்டவன் எப்படிப் பார்த்தான் என்பதை அங்கே தேடினார். அந்தக் கேள்விக்கு அகிலம் அசல் சாட்சி, யார் எழுதியிருந்தாலும்.

போன வருஷம் ஐப்பசியில் பெரியப்பா போன் செய்தார். தாங்கலைப் புதுப்பித்துக் கட்டியாகிவிட்டது. ஏட்டுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து வைக்கிறார்கள். கீழே ஒரு பலகை: இன்ன காலத்து ஏடு, எல்லைப் பிரிவினையை முன்னறிவித்தது என்று. "நீ ஏடு படிச்ச ஆளு. ஒரு எழுத்து எழுதிக் கொடு மக்களே. உன் மாமன் வாயை அடைக்கணும்."

நான் திருவனந்தபுரத்தில் ஒரு சுவடி நூலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். புல்தைலம் தடவி, ஏடு பிரித்து, எழுத்துப் பார்த்துப் பட்டியல் போடுவது தொழில். ஊரார் ஏட்டையெல்லாம் பார்த்திருக்கிறேன். பாட்டாவின் ஏட்டை மட்டும் தொழில் கண்ணோடு பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம் என்று எங்கோ ஒரு எண்ணம் இருந்திருக்கும்.

போலியைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, பொறுமை வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் எசூர்வேதம் என்றொரு சுவடி பிரான்சுக்குப் போயிற்று. வால்டேர் அதை பைபிளுக்கும் முந்திய இந்திய ஞானம் என்று நம்பி 1761ல் பாரிஸ் அரச நூலகத்தில் சேர்த்தார். நம் எல்லிஸ் துரை, திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ், புதுச்சேரியில் மூலப் பிரதிகளைப் பார்த்து அது பாதிரிமார் கைவேலை என்று எழுதினார். 1819ல் அவர் இறந்த பிறகு, 1822ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. யூட்டாவிலேயே மார்க் ஹாஃப்மன் என்பவன் மார்மன் சபையின் பழைய கடிதங்களைப் போலியாகச் செய்து சபைக்கே விற்றான். தேர்ந்த நிபுணர்கள் ஏமாந்தார்கள். குட்டு வெளிப்படும் நேரத்தில், 1985 அக்டோபரில், குண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றான். கடைசியில் காட்டிக் கொடுத்தது மை. நுண்பெருக்கியில் பார்த்தால் அவன் மை முதலைத் தோல்போல வெடித்திருந்தது. காகிதம் பழசு, வயசாகாத மையைச் செயற்கையாக வயசாக்கியிருந்தான்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் நுண்பெருக்கி ஏது? வெயில் இருந்தது, ஒரு பூதக்கண்ணாடி இருந்தது.

முதல் 83 ஏடுகளும் ஒரே கை. புள்ளி கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். 'தெ'யா 'தே'யா என்பதை வாசிப்பவன்தான் தீர்மானிக்க வேண்டும். ஒற்றைக் கொம்புதான் இரண்டுக்கும். காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்லலாம். பாட்டாவின் அப்பாவோ அவருக்கு முந்தியவரோ எழுதியிருக்கலாம்.

84ஆவது ஏட்டை வெயிலில் சாய்த்தேன். புள்ளி இருந்தது. ஒவ்வொரு மெய்க்கும், ஓலை கிழியாமல், பயந்து பயந்து வைத்த சின்னப் புள்ளி. நெடிலுக்கு இரட்டைக் கொம்பு. சொற்களுக்கு நடுவே இடம். இது அச்சுப் புத்தகம் பார்த்து, பலகையில் எழுதிப் படித்த கை. துளையும் மற்ற ஏடுகளைப் போல் இல்லை. கம்பி காய்ச்சிக் குத்தியது, ஓரம் கருகியிருந்தது.

இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. மிஷன் பள்ளியில் படித்தவன் அந்த நாளிலேயே புள்ளி வைத்து எழுதியிருக்கலாம். ஆனால் அந்த ழகரம். கீழே இழுத்து, இடது பக்கமாக ஒரு சுழி. பாட்டாவின் கருப்பட்டிக் கணக்கு நோட்டில் 'கழிவு' என்று வரும் இடமெல்லாம் அந்தச் சுழிதான். நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வைக்காமலே தெரிந்திருந்தது.

பாட்டா மூன்றாம் வகுப்புவரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

அன்று முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை. பொய் சொன்னாரா? ஒரு வார்த்தை பொய் பேசத் தெரியாதவர் என்று ஊர் சொல்லும் மனுஷன். மாலையில் அத்தையிடம் போனேன். எண்பது தாண்டியவள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"எழுதினாரே" என்றாள் அத்தை, மழை பெய்ததைச் சொல்வதுபோல. "தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வந்த ராத்திரி. நான் விளக்குப் பிடிச்சேன். அய்யா சொல்லுதாரு, வேகமாச் சொல்லுதாரு, கை போகமாட்டேங்குதுன்னு அழுதாரு. நீ யார்கிட்டயும் சொல்லாதேன்னெல்லாம் சொல்லல. யாரும் கேக்கல. நீதான் முதல்லே கேக்கே."

அப்படியென்றால் அரிகோபாலன் சீடர் எழுதியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே ஒரு கேள்வி வந்தது. சுவடி நூலகத்தில் இருபத்தாறு வருஷம் இருந்த எனக்கு அதற்கு விடை தெரியாது. எனக்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான்.

பெரியப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவு: ஏடுகள் 84. முதல் 83 ஒரு கை, பழையது, காலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியாகலாம். 84ஆவது ஏடு பின்னால் சேர்ந்தது, 1956ஐ ஒட்டி. எழுதியவர் என் பாட்டா.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். காகிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு தாங்கலுக்குப் போய்விட்டார். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே வைக்கவிருந்த பலகை இன்னும் எழுதப்படாமல் சாய்த்து வைத்திருக்கிறது.

கார்த்திகை வாசிப்பில் கடைசி நாள் நான் போயிருந்தேன். கண்ணாடியும் விளக்கும் வைத்த கருவறைக்கு முன்னால் பெரியப்பா ஏட்டைப் பிரித்தார். 83 முடிந்தது. நிறுத்தினார். கூட்டத்தில் மாமாவும் இருந்தார். தலையில் துண்டைச் சுற்றியிருந்தார், பக்திக்கா பனிக்கா தெரியாது.

"இனி வாறது எங்க அப்பா எழுதினது" என்றார் பெரியப்பா. "அவரு கையெழுத்து. அய்யா சொன்னாருன்னு அவரு சொன்னாரு." பிறகு அதே ராகத்தில், அதே இடத்தில் குரலை இறக்கி, பன்னிரண்டு வரியையும் பாடினார். எப்போதும் அழுகிற பெண்கள் அன்றும் அழுதார்கள். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாட்டாவின் தங்கை பேரன்கள் வந்திருந்தார்கள், மலையாளத்தில் ஏதோ கேட்டுக்கொண்டார்கள்.

முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போது மாமா என் தோளைத் தொட்டார். வழக்கு ஜெயித்த முகம் இல்லை.

"லே, அந்தக் கடைசி ஏட்டை மட்டும் போனிலே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு" என்றார். "ரெண்டு பக்கமும்."